விடியற்காலை நான்கு மணிக் கடுவன்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். துரை என்ற ஒன்றரை வயதுக் கடுவன் பூனை, மூன்றாம் மாடிக் குடியிருப்பில் உங்களோடும் உங்கள் கணவரோடும் மாமியாரோடும் வாழ்கிறது. எட்டாவது மாதத்தில் கருத்தடை அறுவை செய்தாயிற்று. மலம் சற்று இளகலாக இருப்பதைத் தவிர உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் தினமும் விடியற்காலை நான்கு மணிக்கு அறைக் கதவைப் பிறாண்டுகிறது. கிண்ணத்தில் பாதி உணவு இருக்கும்போதே பல நாள் பட்டினி கிடந்ததுபோல் கத்துகிறது. மேசைமேல் இருக்கும் டம்ளரை உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே தள்ளிவிடுகிறது. புதுச் சோபாவின் கைப்பிடியை நார் நாராக்கிவிட்டது. இந்த அடத்தை எப்படி மாற்றுவது, துணைக்கு இன்னொரு பூனையைக் கொண்டுவந்தால் அடங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கால்நடை மருத்துவம் பார்ப்பவன். வீட்டில் மிளகு என்ற ஒன்பது வயதுப் பெட்டைப் பூனையிடம் அடிபணிந்து நடப்பவனும்கூட. துரை என்று பெயரை வைத்துவிட்டு அதிகாரம் செய்கிறான் என்று குறைப்பட்டுக்கொள்வது நியாயமா என்று கேட்கலாம், விட்டுவிடுகிறேன். உங்கள் கேள்வியின் நடுவில், போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “அத்தை பாவம் பார்த்து எழுந்து கொஞ்சம் பால் ஊற்றினால்தான் அமைதியாகிறது.” பாதி விடை அந்த வரியிலேயே இருக்கிறது.

1898-இல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர், பசித்த பூனைகளை மரச்சட்டக் கூண்டுகளில் விட்டு, வெளியே உணவை வைத்துச் சோதனைகள் செய்தார். உள்ளே ஒரு கயிற்றை இழுத்தாலோ ஒரு கட்டையை அழுத்தினாலோ கதவு திறந்துகொள்ளும். முதல்முறை பூனை சட்டத்தைக் கடிக்கும், சுவரைப் பிறாண்டும், கத்தும். தற்செயலாக ஒருமுறை கயிற்றில் கை பட்டுக் கதவு திறக்கும். அடுத்தடுத்த முறைகளில் வீண் வேலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோய், கடைசியில் உள்ளே விட்டதும் நேராகப் போய்க் கயிற்றை இழுக்கும். நல்ல பலன் தந்த செயல் நிலைக்கிறது, பலன் தராத செயல் உதிர்கிறது என்ற விதியை அவர் பூனைகளிடமிருந்துதான் எடுத்தார். துரைக்கு உங்கள் வீடே அந்தக் கூண்டு. அவன் எல்லாக் கயிறுகளையும் இழுத்துப் பார்த்துவிட்டு, நான்கு மணிக்குக் கதவைப் பிறாண்டுவது என்ற கயிற்றைக் கண்டுபிடித்திருக்கிறான். அதன் மறுமுனையில் உங்கள் மாமியார் இருக்கிறார். மன்னிக்கவும், இதைவிட மரியாதையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு நாளும் தவறாமல் பால் கிடைத்திருந்தால், ஒருநாள் நிறுத்தியதும் பூனைக்கு விஷயம் விளங்கிவிடும். ஆனால் நாம் அப்படிச் செய்வதில்லை. இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறோம், மூன்றாம் நாள் அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்களோ என்று எழுந்துவிடுகிறோம். அரைமணி நேரம் கத்தினால் பால் வரும் என்று பூனை அன்றைக்குக் கற்றுக்கொள்கிறது. எப்போது வரும் என்று தெரியாமல் எப்போதாவது வரும் பரிசுதான் ஒரு பழக்கத்தை மிக ஆழமாக ஊன்றிவிடுகிறது. லாட்டரிச் சீட்டு வாங்குபவரைப் பார்த்தாலே இது புரியும்.

நான்கு மணி என்ற கணக்கு மட்டும் துரையின் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை, அது அவனுடைய இனத்தின் கடிகாரம். பூனையை இரவு விலங்கு என்று பொதுவாகச் சொல்கிறோம். அந்தி விலங்கு என்பதுதான் சரி. பொழுது சாயும் வேளையிலும் பொழுது புலரும் வேளையிலும் அதன் உடம்பு வேட்டைக்குத் தயாராகிறது, மற்ற நேரங்களில் நாளொன்றுக்கு பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்குகிறது. இன்றைய வீட்டுப் பூனைகள் மேற்காசியப் பகுதியின் காட்டுப்பூனை வழி வந்தவை. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதப் புதைகுழி ஒன்றின் அருகிலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அத்தனை காலமாக உடன் இருந்தும், நாயைப்போல் ஆடு மேய்க்கவும் ஏவியதைச் செய்யவும் யாரும் அதைத் தேர்ந்தெடுத்து வளர்க்கவில்லை. தானியக் களஞ்சியத்தைத் தேடி எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது, வந்த இடத்தில் அதுவாகத் தங்கிவிட்டது. கீழ்ப்படிதல் என்பது அதன் பரம்பரையில் யாரும் சேர்க்காத சரக்கு. ஆகவே துரையைத் திட்டித் திருத்தும் வழியை மறந்துவிட்டு, அவன் கடிகாரத்தோடு பேரம் பேசும் வழியைப் பார்ப்போம்.

பேரத்தின் முதல் பகுதி இரவு ஒன்பதரை மணிக்குத் தொடங்குகிறது. பூனையின் உடம்பில் ஒரு வரிசை எழுதப்பட்டிருக்கிறது: பதுங்குவது, பாய்வது, பிடிப்பது, தின்பது, நக்கித் துப்புரவு செய்வது, தூங்குவது. முதல் மூன்றையும் நீங்கள் ஏற்பாடு செய்து, நான்காவதைக் கிண்ணத்தில் வைத்தால், பின்னிரண்டும் தாமாக வரும். இரண்டடி நீளத் துடைப்பக் குச்சியின் நுனியில் நூல் கட்டி, நூலின் முனையில் பழைய துணித் துண்டையோ கோழி இறகையோ முடிந்தால் போதும். கடையில் விற்கும் விளையாட்டுப் பொருள் எதுவும் இதைவிட மேலானதில்லை. ஆட்டும் விதம்தான் முக்கியம். பெரும்பாலானோர் இறகைப் பூனையின் மூக்குக்கு நேராகக் கொண்டுபோய் ஆட்டுகிறார்கள். எந்த எலியும் பூனையின் வாயை நோக்கி ஓடாது. இறகு பூனையிடமிருந்து விலகிப் போகவேண்டும், கதவு ஓரத்தில் பாதி மறையவேண்டும், ஒரு நொடி அசையாமல் நின்று பிறகு லேசாகத் துடிக்கவேண்டும். அப்போது பாருங்கள்: தாடை தரையைத் தொடும் அளவுக்குத் தணியும், கருவிழி விரிந்து கண் முழுக்கக் கறுப்பாகும், பின்னங்கால் இரண்டும் மாறி மாறி மிதித்து இடுப்பு ஒருமுறை குலுங்கும், அதற்கு அடுத்த நொடியில் பாய்ச்சல். நாலைந்து பாய்ச்சலுக்கு ஒருமுறையாவது பிடிபட விடுங்கள். சுவரில் சிவப்புப் புள்ளி காட்டும் லேசர் விளக்கை நான் பரிந்துரைப்பதில்லை. எவ்வளவு ஓடியும் கையில் ஒன்றும் சிக்காத வேட்டை பூனையை எரிச்சலாக்கிவிடுகிறது. பத்து, பதினைந்து நிமிடம் ஆடியதும் அன்றைய உணவில் பெரிய பங்கை வையுங்கள். தின்றுவிட்டு முன்னங்காலை நக்கி முகம் துடைக்கத் தொடங்கினால் நீங்கள் விளக்கை அணைக்கலாம்.

இரண்டாவது பகுதி கடினமானது. நான்கு மணிக்கு யாரும் எழக்கூடாது. யாரும் என்றால் யாரும். கதவைத் திறந்து “சனியனே” என்று திட்டுவதும் துரையைப் பொறுத்தவரை ஒரு பதில்தான். தூங்கிக்கொண்டிருந்த வீடு விழித்துக்கொண்டது, ஆள் வந்தாயிற்று, அதுவே வெற்றி. தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. முதல் சில நாள்களில் கத்தல் குறையாது, கூடும். லிப்ட் பொத்தானை அழுத்தியும் லிப்ட் வராவிட்டால் நாம் பேசாமல் படியேறிப் போவதில்லையே. பத்து முறை அழுத்துகிறோம், ஓங்கி ஒரு குத்துக்கூட விடுகிறோம். பூனையும் அப்படித்தான். மிளகிடம் இதை நான் செய்தபோது நான்காம் இரவில் அவள் அலமாரியில் இருந்த என் மூக்குக்கண்ணாடியைத் தள்ளி ஒரு சில்லை உடைத்தாள், ஆறாம் இரவில் கதவுக்கு வெளியே ஒரு மணி நேரம் கச்சேரி செய்தாள், ஒன்பதாம் இரவில் ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் என் மனைவி மனம் இளகியிருந்தால், இன்னும் பெரிய சத்தம் போட்டால் பலன் உண்டு என்று நாங்களே சொல்லிக்கொடுத்ததாக ஆகியிருக்கும். இந்தச் சோதனையைத் தாங்க முடியாத வீடுகளுக்கு, குறித்த நேரத்தில் தானாகத் திறந்து உணவு தரும் பெட்டி இப்போது கிடைக்கிறது. அதை நான்கு மணிக்கு வைத்துவிட்டு, சில நாளுக்கு ஒருமுறை பத்துப் பத்து நிமிடமாகத் தள்ளிக்கொண்டே போகலாம். அப்போது பூனை பெட்டியின் முன்னால் போய் உட்காருமே தவிர, உங்கள் தலைமாட்டில் உட்காராது.

பால் விஷயத்தில் உங்கள் மாமியாரைத் தனியாகக் குற்றம் சொல்லமுடியாது. பூனை என்றால் பால் என்பது நம்மிடம் நெடுங்காலமாக ஊறிய எண்ணம். பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடப் புகுந்த பூனையைப்போல இராமகாதையைச் சொல்லப் புகுந்தேன் என்று கம்பரே அவையடக்கம் பாடியிருக்கிறார். ஆனால் பால்குடி மறந்த பூனைகளில் பெரும்பாலானவற்றின் குடலில், பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுகிறது. சில பூனைகளுக்கு ஒன்றும் ஆகாது, பல பூனைகளுக்கு வயிறு ஊதும், பேதியாகும். துரையின் மலம் இளகலாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். வேறு மருந்து தேடுமுன் பத்து நாள் பாலை நிறுத்திப் பாருங்கள். பூனைக்கு இனிப்புச் சுவை தெரியாது என்பதும் பலருக்கு வியப்பாக இருக்கும். இனிப்பை உணரும் ஏற்பியை உண்டாக்கும் மரபணு ஒன்று பூனைக் குடும்பத்தில் பழுதாகிக் கிடக்கிறது என்று 2005-இல் கண்டறிந்தார்கள். அது பாயசக் கிண்ணத்தை நக்குவது பாலுக்காகவும் நெய்க்காகவும்தான். தயிர்சாதத்தில் வளரும் பூனைகள் நம் ஊரில் ஏராளம். அவை பிழைத்திருப்பது தெருவில் எலியும் பல்லியும் கரப்பானும் பிடிப்பதால். மூன்றாம் மாடிப் பூனைக்கு அந்த வசதி இல்லை. பூனை புலால் உண்டே தீரவேண்டிய உயிர். டாரின் என்ற சத்தைத் தேவையான அளவுக்கு அதன் உடம்பால் தானே ஆக்கிக்கொள்ள முடியாது. அது குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும் என்று 1970-களிலும், இதயத் தசை தளர்ந்து வீங்கும் என்று 1987-இலும் நிறுவப்பட்டது. அதற்குப் பிறகுதான் பூனை உணவுகளில் டாரின் அளவைக் கூட்டினார்கள்.

பாதிக் கிண்ணம் இருக்கக் கத்துவதற்கு இப்போது வருகிறேன். ஒரு சுண்டெலியில் ஏறக்குறைய 30 கலோரி இருக்கும்; நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 முதல் 250 கலோரி வேண்டும். அதாவது இயற்கையில் அது ஏழெட்டு எலிகளை வெவ்வேறு வேளைகளில் பிடித்துத் தின்னும். நாமோ காலையில் ஒரு கிண்ணத்தை நிரப்பிவிட்டு அலுவலகம் போய்விடுகிறோம். சென்னை ஈரக்காற்றில் உலர் உணவு இரண்டு மூன்று மணி நேரத்தில் நமுத்து மணம் போய்விடும். பூனை நாவைவிட மூக்கால்தான் உணவை முடிவு செய்கிறது. ஆகவே துரைக்கு அந்தப் பாதிக் கிண்ணம், நமக்கு நேற்றைய அப்பளம்போல. அதே அளவு உணவை நான்கைந்து வேளையாகப் பிரித்து, ஒவ்வொரு வேளையும் கிண்ணத்தைக் கழுவிப் புதிதாக வையுங்கள். ஈர உணவானால் குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் வைக்காமல், வெதுவெதுப்பாகும்வரை வெந்நீரில் சேர்த்துப் பிசையுங்கள். மீன் கொடுப்பதானால் மத்தி, நெத்திலி போன்றவற்றைப் பச்சையாகக் கொடுக்காதீர்கள். அவற்றில் பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி உண்டு, வேகவைத்தால் அது அழிந்துவிடும். வெந்த மீனிலிருந்து முள்ளை எடுத்துவிடுங்கள். உப்பு, மிளகாய் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் எக்காரணத்தாலும் கூடாது, அவை பூனையின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். குழம்பில் கிடந்த மீன் துண்டை அலம்பிக் கொடுத்தேன் என்று சொல்லும் அன்பான பாட்டிகளை நான் வாரம் ஒருவராவது சந்திக்கிறேன்.

டம்ளர் தள்ளுவது பற்றிக் கோபத்தோடு எழுதியிருக்கிறீர்கள், எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. காட்சி எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: முன்பாதம் நீளும், டம்ளர் ஒரு விரற்கடை நகரும், பூனை நிமிர்ந்து உங்களைப் பார்க்கும், மறுபடி ஒரு விரற்கடை, விளிம்பில் எவர்சில்வர் ஒரு கணம் தயங்கும், பிறகு வீடு அதிர விழும், நீங்கள் ஓடிவருவீர்கள். பாதத்தால் தட்டிப் பார்ப்பது, கிடப்பது உயிருள்ள இரையா என்று அறியும் வேட்டைப் பழக்கம். அதற்கு ஆள் ஓடிவருகிறார் என்பது பின்னால் அது கற்றுக்கொண்ட பாடம். விளிம்பில் பொருள் வைக்காமல் இருப்பதும், விழுந்தால் ஓடிவராமல் சற்றுக் கழித்துப் போய்ப் பேசாமல் துடைப்பதும் தவிர வேறு மருந்து இல்லை. தண்ணீர் டம்ளரைத்தான் குறிவைக்கிறது என்றால் அதன் தண்ணீர்க் கிண்ணத்தைச் சோதியுங்கள். உணவுக்குப் பக்கத்திலேயே வைத்த சிறிய பிளாஸ்டிக் கிண்ணத்தைப் பல பூனைகள் வெறுக்கின்றன. அகன்ற மண்சட்டி ஒன்றை வேறு மூலையில் வைத்துத் தினமும் தண்ணீர் மாற்றினால், டம்ளர் மீதான மோகம் கொஞ்சம் குறையும்.

குரலைப் பற்றியும் ஒரு செய்தி சொல்லவேண்டும். வளர்ந்த பூனைகள் ஒன்றோடொன்று பேச மியாவ் என்ற ஒலியை அநேகமாகப் பயன்படுத்துவதில்லை; குட்டி தாயைக் கூப்பிடும் ஒலி அது, அதை நம்மிடம் மட்டும் ஆயுள் முழுக்க நீட்டிக்கின்றன. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரன் மெக்கோம்பும் அவருடைய குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. உணவு கேட்கும்போது பூனை எழுப்பும் கர்ர் ஒலியின் உள்ளே, குழந்தையின் அழுகையை ஒத்த ஒரு மெல்லிய கீச்சொலி பொதிந்திருக்கிறது. பூனை வளர்க்காதவர்களுக்குக்கூட அதைக் கேட்டால் அவசரமாக ஏதோ செய்யவேண்டும் என்று தோன்றுகிறது. ஆகவே நான்கு மணிக்கு உங்கள் மாமியார் எழுவது மனவலிமைக் குறைவால் இல்லை. கூப்பிட்டால் துரை வராமல் இருப்பதும் காது கேளாமையால் இல்லை. வீட்டுப் பூனைகள் தம் பெயரை மற்றச் சொற்களிலிருந்து பிரித்து அறிகின்றன என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2019-இல் காட்டினார்கள். துரைக்குத் தெரியும். காதைத் திருப்புவான், வாலின் நுனியை ஆட்டுவான், அங்கேயே இருப்பான்.

சோபாவைக் காப்பாற்ற வழி எளிது, ஆனால் வரவேற்பறையின் அழகு சற்றுக் குறையும். பிறாண்டுவது நகத்தின் பழைய உறையைக் கழற்றவும், முதுகை நீட்டி முறிக்கவும், பாதத்தின் அடியிலுள்ள சுரப்பிகளால் தன் மணத்தைப் பதிக்கவும் செய்யும் வேலை. அதை நிறுத்தமுடியாது, இடம் மாற்றலாம். பின்னங்காலில் எழுந்து முழு உடம்பையும் நீட்டினாலும் உச்சி எட்டாத உயரத்தில், அதாவது மூன்றடிக்குக் குறையாமல், ஆடாத ஒரு கட்டை வேண்டும். அதில் தென்னை நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றுங்கள். கடையில் விற்கும் ஒன்றரை அடிக் கம்பம் பூனை சாய்ந்ததும் ஆடும், அதற்குப் பிறகு அது அந்தப் பக்கம் போகாது. கட்டையைப் பின்கட்டில் ஒளித்து வைக்காமல், கிழிந்த கைப்பிடிக்கு முன்னாலேயே நிறுத்துங்கள். கைப்பிடியை ஒரு மாதம் வழவழப்பான பிளாஸ்டிக் தாளால் மூடிவையுங்கள். நகத்தையே எடுத்துவிடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அது நகம் வெட்டுவது இல்லை, ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பையும் துண்டிப்பது. நான் செய்யமாட்டேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நகத்தின் தெளிந்த நுனியை மட்டும், உள்ளே தெரியும் இளஞ்சிவப்பைத் தொடாமல் வெட்டினால் போதும்.

அடிப்பது, தண்ணீர் பீய்ச்சுவது, மூக்கைப் பிடித்துத் தேய்ப்பது ஆகியவை வேண்டாம். செய்த தவறையும் தண்டனையையும் பூனை சேர்த்துப் பார்ப்பதில்லை. உங்கள் கையையும் வலியையும்தான் சேர்த்துப் பார்க்கிறது.

செலவில்லாத ஒரு விருந்து சொல்கிறேன். மேலைநாடுகளில் பூனைகளை மயக்க ஒருவகைப் புதினாக் குடும்பச் செடியை உலர்த்தி விற்கிறார்கள், இங்கேயும் பாக்கெட்டில் வருகிறது. நம் தெருவோரத்தில் முளைக்கும் குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் ஒரு பெயர் உண்டு, காரணப் பெயர்தான். செடியை வேரோடு பிடுங்கி, மண்ணை அலசி, வேரை லேசாக நசுக்கித் தரையில் போடுங்கள். மிளகு முதலில் முகர்வாள், பிறகு கன்னத்தை வேரில் வைத்துத் தேய்ப்பாள், எச்சில் வழியும், அப்புறம் மல்லாந்து புரண்டு, சிறிது நேரத்தில் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து போய்விடுவாள். எல்லாப் பூனைகளும் இப்படி வணங்குவதில்லை. வாரம் ஒருமுறை போதும், பூச்சிமருந்து தெளித்த இடத்துச் செடி மட்டும் வேண்டாம்.

இதுவரை சொன்னதெல்லாம் உடல்நலமுள்ள பூனையின் குறும்புக்கு. சில குறும்புகள் குறும்பே இல்லை. சென்ற ஆண்டு ஒரு குடும்பத்தார் மூன்று வயதுக் கடுவனைக் கூடையில் கொண்டுவந்தார்கள். “இரண்டு நாளாக வேண்டுமென்றே குளியலறையிலும் கட்டிலிலும் போய் உட்கார்ந்து அழிச்சாட்டியம் செய்கிறது, மணல் தட்டில் போவதில்லை” என்றார்கள். அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், சிறுநீர்ப்பை ஆரஞ்சுப் பழம்போல் கல்லாக இருந்தது. சிறுநீர்க் குழாய் அடைத்து ஒரு சொட்டும் வெளியேறாமல் அந்தப் பூனை இரண்டு நாளாக முக்கிக்கொண்டிருந்திருக்கிறது. கடுவன்களுக்குக் குழாய் மிகக் குறுகலானது என்பதால் இது அவற்றுக்கே அதிகம் வரும். கவனிக்காவிட்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இரண்டு மூன்று நாளில் இறந்துவிடும். அந்தப் பூனை பிழைத்தது, ஆனால் நூலிழையில். துரை அடிக்கடி தட்டில் போய் உட்கார்ந்து வெறுங்கையோடு எழுந்தாலோ, முக்கிக்கொண்டே கத்தினாலோ, பின்புறத்தை ஓயாமல் நக்கினாலோ, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காமல் அந்த மணியிலேயே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அடைப்பு எதுவும் இல்லாமல் வெளியே போகிறது என்றால் தட்டைப் பாருங்கள்: பூனையின் நீளத்தைவிட ஒன்றரை மடங்கு நீளம், மூன்று விரல் ஆழத்துக்கு மணல், தினம் இருவேளை துப்புரவு, உணவுக் கிண்ணத்திலிருந்து தள்ளிய அமைதியான இடம். ஒரு பூனைக்கு இரண்டு தட்டுகள் இருப்பது நல்லது.

உடம்பு சுடுகிறது என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். அதை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு இல்லை. ஒரே ஒரு மாத்திரை உயிரை எடுத்துவிடும். நாய்களுக்கான உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் கலந்தவையும் பூனைக்கு நஞ்சு. இந்த இரண்டையும் பற்றி எழுதும்போது என் கை சற்று அழுத்தமாகிவிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் மாடி என்றீர்கள், பால்கனியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உயரத்திலிருந்து விழுந்தாலும் பூனைக்கு ஒன்றும் ஆகாது என்ற பேச்சுக்கு ஆதாரமாக, நியூயார்க்கில் மாடிகளிலிருந்து விழுந்த 132 பூனைகளைப் பற்றி 1987-இல் வெளியான ஓர் ஆய்வைக் காட்டுவார்கள். அவற்றில் 90 விழுக்காடு பிழைத்தன. அந்தக் கணக்கு மருத்துவமனைக்கு உயிரோடு கொண்டுவரப்பட்ட பூனைகளின் கணக்கு, விழுந்த இடத்திலேயே இறந்தவை அதில் இல்லை. பிழைத்தவற்றிலும் நெஞ்சில் அடிபட்டவை, தாடை உடைந்தவை, கால் முறிந்தவை ஏராளம். புறா வந்து கைப்பிடிச் சுவரில் உட்காரும் அந்த நொடியில் துரைக்கு மாடி நினைவு இருக்காது. புறா வலையாகக் கட்டும் நைலான் வலையைக் கடித்து ஓட்டை போட்டுவிடுவான்; மெல்லிய இரும்புக் கம்பி வலையாகப் பார்த்து, மேலிருந்து கீழ்வரை இடைவெளி இல்லாமல் அடியுங்கள். அதன் உட்புறம் ஒரு பலகை வைத்துக் கொடுத்தால், பகலில் பாதி நேரம் அங்கேயே உட்கார்ந்து புறாவைப் பார்த்துப் பல்லை நறநறப்பான். அலுப்புக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது.

இன்னொரு பூனை பற்றிய கேள்விக்கு என் பதில், இப்போது வேண்டாம் என்பது. பூனை தனித்து வேட்டையாடும் உயிர். துணை இல்லையே என்று அது ஏங்குவதாக நாம் எண்ணிக்கொள்வது பெரும்பாலும் நம் ஏக்கம். குட்டியிலிருந்தே சேர்ந்து வளர்ந்தவை ஒன்றின்மேல் ஒன்று படுத்துத் தூங்கும், உண்மைதான். ஒன்றரை வயதுவரை ஒரு வீட்டைத் தன்னுடையது என்று மணம் பதித்து வைத்திருக்கும் கடுவனிடம் திடீரென்று இன்னொன்றை விட்டால், நான்கு மணிக் கச்சேரியில் இன்னொரு குரல் சேரும், சோபாவின் மறு கைப்பிடியும் போகும், ஒன்று தட்டுக்குப் போகும் வழியில் மற்றொன்று மறித்து உட்காரும். இரவு ஆட்டமும் பிரித்த உணவும் இரண்டு மாதம் நடந்து, வீடு அமைதியான பிறகும் ஆசை இருந்தால் எழுதுங்கள். தனியறையில் வைத்து, துணியால் மணத்தை மாற்றிக் கொடுத்து, கதவிடுக்கு வழியாக அறிமுகம் செய்யும் முறையை அப்போது விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் மாமியாருக்கு இதில் வேலையே இல்லாமல் செய்துவிட்டேன் என்று அவர் வருத்தப்படக்கூடாது. துடைப்பக் குச்சியை அவர் கையிலேயே கொடுங்கள். இரவில் தொலைக்காட்சித் தொடர் முடிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆட்டலாம், குனிய வேண்டியதில்லை. காலை ஏழு மணிக்கு வெந்த மத்தி மீனில் இரண்டு துண்டை முள் நீக்கி அவரே கிண்ணத்தில் வைக்கட்டும். துரை அவர் காலைச் சுற்றிச் சுற்றி வருவான். பால் அவருடைய காப்பிக்கு இருக்கட்டும்.